பட்டத்துக்குப் பிறகும் பிளஸ் டூ

ஜூன் 15, 2025, ஞாயிறு

நேற்று நீட் முடிவு வந்தது. நாடு முழுக்க 22 லட்சம் பேர் எழுதி, 12 லட்சத்துக்கும் மேல் தகுதி பெற்றிருக்கிறார்கள். இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.2 லட்சம். இன்னும் ஒரு மாதத்துக்குப் பேச்செல்லாம் கட்-ஆஃப், கவுன்சலிங், எந்தக் கல்லூரி என்றே ஓடும். இதே ஜூன் மாதத்தில் வெளியே வரும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விலங்கியல், வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், இயற்பியல் என்று மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் அவர்கள். எங்கள் பகுதியையே பாருங்கள்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியைத் தாண்டியதும் வரும் ரயில் நிலையத்துக்கு இந்துக் கல்லூரி என்றே பெயர். 1969-இல் தொடங்கிய பட்டாபிராம் இந்துக் கல்லூரிக்கும், இந்தப் பக்கம் கொரட்டூரில் உள்ள பக்தவத்சலம் நினைவு மகளிர் கல்லூரிக்கும், இடையில் முளைத்த எத்தனையோ கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் திருவள்ளூர் மின்சார ரயிலில் போய்வரும் பிள்ளைகள். மறுபக்கம் பூந்தமல்லியைச் சுற்றிப் போரூர், வேலப்பன்சாவடி, நசரத்பேட்டை, தண்டலம் என்று மருத்துவக் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2022 ஜனவரியில் திருவள்ளூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அறிவியல் பட்டதாரிகளும் மருத்துவமனைகளும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போக வழி இல்லை. பி.எஸ்சி. முடித்த பெண் ஒருத்தி நர்ஸாக வேண்டும் என்று நினைத்தால், தமிழ்நாட்டுத் துணை மருத்துவப் படிப்புகளுக்கான தரவரிசையில் அவளுடைய பட்ட மதிப்பெண்ணுக்கு இடமே கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் என்ன வாங்கினாள் என்றுதான் பார்ப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு அதே வரிசையில், நான்காண்டுப் படிப்பின் முதல் நாளில் நிற்க வேண்டும். நடுவில் போன மூன்று வருஷம் படித்ததாகவே கணக்கில் வராது. இது வீண் என்பதுதான் என் வாதம். இந்த மாதம் முழுக்க அதையே துருவிப் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதலில் வரும் பதில்: ஆசை இருந்தால் நீட் எழுதட்டுமே, யார் தடுத்தது? உண்மைதான், யாரும் தடுக்கவில்லை. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது வரம்பையே எடுத்துவிட்டது. பிளஸ் டூவில் உரிய அறிவியல் பாடங்களைப் படித்துத் தேறிய பி.எஸ்சி. பட்டதாரியும் எழுதலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் எழுதலாம் என்பது வேறு, படித்தது பயன்படும் என்பது வேறு. நீட் கேட்பது பள்ளிப் பாடத்தை. உயிர்வேதியியலில் நொதிகளின் வேக விதியைக் கரைத்துக் குடித்தவரும், பள்ளியோடு மூட்டை கட்டிய சாய்தளக் கணக்குகளைத் திரும்பத் தூசி தட்ட வேண்டும். தேர்வை வெல்வது பெரும்பாலும் மறுபடி மறுபடி எழுத வசதியுள்ளவர்கள்தாம் என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இருக்கிறது. தமிழக அரசு 2021-இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, 2020-21-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டினர் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்கள் என்று கண்டது. பயிற்சி மையத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் பணம் கட்டும் வீடு வேறு. மகள் பட்டம் வாங்கியதும் சம்பளத்துக்குப் போவாள் என்று காத்திருக்கும் வீடு வேறு. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது; அதைப் பற்றி இந்தத் தெருக்களில் பேசுவதில் அர்த்தமில்லை.

அமெரிக்காவில் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு, ஈராண்டு மருத்துவ முன்தயாரிப்புப் படிப்பு என்று ஒன்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு மனம் மாறியவர்கள் உயிரியலும் வேதியியலும் ஆய்வகத்தோடு படித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள். 1910-இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு அங்கே மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் படிப்பின் மேல் கட்டப்பட்டது. அதனால் தாமதமாக வருபவருக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. நம் மருத்துவக் கல்வி பள்ளியின் மேல் கட்டப்பட்டது. அவர்கள் அமைப்பை அப்படியே தூக்கிவந்து இங்கே நட முடியாது, நடவும் வேண்டாம். எம்.பி.பி.எஸ்.ஸை ஒதுக்கி வைத்துவிட்டே பேசுகிறேன். டாக்டர் சீட்டின் மேல் எல்லார் கண்ணும் இருப்பதால்தான், மருத்துவமனையில் டாக்டரைத் தவிர மீதிப் பேரை எப்படித் தயார்ப்படுத்துவது என்ற கேள்வி அநாதையாகக் கிடக்கிறது.

ஜூன் 19, வியாழன்

அறிவியல் பட்டதாரிகளுக்கு மருத்துவத் துறையில் வேலையே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. 1964-இல் சிறுதொழிலுக்காகத் தொடங்கிய இடம். லேத் பட்டறைகளுக்குப் பக்கத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றில் நடக்கும் வேலைகளில் ஒன்று மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனையில் ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், டாக்டர் எழுதிய குறிப்பை இங்கே ஒருவர் படிக்க வேண்டும். எந்த எலும்பு, வலதா இடதா, தோல் கிழிந்த முறிவா கிழியாததா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று பிரித்துச் சரியான குறியீட்டை இட்டால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். 2015 அக்டோபரில் அந்த நாடு விரிவான புதிய நோய்க் குறியீட்டு முறைக்கு மாறியது முதல் இந்த நுணுக்கம் இன்னும் கூடிவிட்டது. நிறுவனங்கள் இதற்குத் தேடி எடுப்பது உயிர் அறிவியல் பட்டதாரிகளை. உடற்கூறும் உடலியங்கியலும் சில மாதப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்க அமைப்பு ஒன்றின் தேர்வை எழுதித் தேறினால் சம்பளம் ஏறுகிறது. இந்தப் பிள்ளைகளால் மருத்துவப் பாடத்தைப் படிக்க முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு இதைவிட நேரான விடை வேண்டாம். பட்டத்தின் மேல் சில மாதப் பாடம் ஏற்றினால், கடல் கடந்த நோயாளியின் கோப்பை அவர்களால் வரி வரியாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை; பல குடும்பங்கள் அதில்தான் நிமிர்ந்தன. தனியார் நிறுவனம் பட்டத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அதன் மேல் பயிற்சியைக் கட்டுகிறது. நம் மருத்துவக் கல்வி விதிகளுக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதுதான் கேள்வி.

ஜூன் 22, ஞாயிறு

தோன்றவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓர் இடத்தில் தோன்றியிருக்கிறது, அதுவும் மருத்துவமனையின் மிக ஆபத்தான அறையில். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோயாளியின் உடம்பில் எந்தப் புள்ளியில் எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். அந்த அளவு உண்மையில் அங்கேதான் விழுகிறதா என்று இயந்திரத்தை அளந்து, கணக்கிட்டு, உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் எங்கிருந்து வருகிறார்? பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியலில் ஓராண்டு டிப்ளமோ முடித்து, பிறகு ஒரு மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி எடுத்தவராக இருக்கலாம். அல்லது பி.எஸ்சி.க்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படித்து அதே பயிற்சியை முடித்தவராக இருக்கலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவர்களை ஏற்கிறது. இவர் இல்லாமல் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவை நடத்த அனுமதி இல்லை. பிளஸ் டூவிலிருந்தே மருத்துவமனையில் வளர்க்கப்பட்டவர்தான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சிறு பிழையும் உயிரைக் குடிக்கக்கூடிய வேலைக்குப் பட்டதாரியை நம்பி, பட்டத்தின் மேல் பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறோம். பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குழாயைத் தொட வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குத் திரும்பிப் போ என்கிறோம். இந்த முரணுக்கு என்ன நியாயம் சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தேன், எதுவும் அகப்படவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப் பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் 1999-இல் ஒன்றாக்கி உருவாக்கியது. கொரோனாவின்போது நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று வந்துபோனது என்று முதன்முதலாகக் கணக்கிட்ட ஆய்வை நடத்தியது இதுதான்: 2020 மே, ஜூனில் 70 மாவட்டங்களில் 28,000 பேரின் ரத்த மாதிரி, விடை 0.73 விழுக்காடு. அந்த எண்ணுக்குப் பின்னால் டாக்டர்கள் மட்டுமா இருந்திருக்க முடியும்? மாதிரி எடுக்கும் ஊர்களைத் தேர்ந்தெடுக்கப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும், ஆய்வகத்தில் எதிர்ப்பொருளைச் சோதிக்க உயிர் அறிவியல் படித்தவர் வேண்டும். பொது சுகாதாரம் என்ற துறையே டாக்டரும் டாக்டரல்லாதவரும் சேர்ந்து இழுக்கிற தேர். எம்.பி.ஹெச். எனப்படும் பொது சுகாதார முதுகலைக்கு இயற்கை அறிவியல், புள்ளியியல், சமூகப் பணி படித்தவர்களையும் சேர்க்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் மாதிரிப் பாடத்திட்டமே சொல்கிறது. ஆக வாசல் வைக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். மேல்மாடியில் வைத்திருக்கிறோம், ஆள் நிறையத் தேவைப்படும் தரைத்தளத்தில்தான் சுவர்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு சின்னப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்: ரத்தம் எடுக்கும் குழாயின் ஊதா மூடி. உள்ளே இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. ரத்தத்தில் உள்ள கால்சியத்தை அது கவ்விக்கொள்வதால் ரத்தம் உறையாது. அணுக்களை எண்ணுவதற்கு அதுதான் வசதி. இந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் தவறுதலாக வேதியியல் சோதனைக்குரிய குழாயில் கலந்துவிட்டால், அறிக்கையில் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். நோயாளி நன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார். தாளைப் பார்த்தால் இதயம் நிற்கப் போகிறது என்று தோன்றும். குழாய்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர் வரிசையைக் காப்பாற்றுவார். ஏன் என்று தெரிந்தவர், இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த நொடியில் மாதிரியைத் திரும்ப எடுக்கச் சொல்வார். பி.எஸ்சி. வேதியியல் மாணவி இதே இ.டி.டி.ஏ.வைப் பியூரெட்டில் ஊற்றித் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தவள். நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் காத்து நின்றவள். அவளுக்குத் தெரியாதது ஊசி குத்துவது, நோயாளியிடம் பேசுவது, ரத்த வங்கியின் ஒழுங்கு, திசு வெட்டிச் சாயமேற்றுவது. அவற்றைக் கற்றுக்கொடுங்கள், அதற்கான முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இ.டி.டி.ஏ.வை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்தை எடுக்காதீர்கள்.

நர்சிங்கிலும் இதே கணக்குத்தான், சற்றுச் சிக்கலாக. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பருவமுறைப் பாடத்திட்டத்தில் முதல் மூன்று பருவங்களில் உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்தியல், நுண்ணுயிரியல் எல்லாம் வருகின்றன. உளவியல் பட்டதாரிக்கு ஒன்று, நுண்ணுயிரியல் பட்டதாரிக்கு வேறொன்று, ஊட்டச்சத்தியல் படித்தவருக்கு இன்னொன்று என்று ஏதோ ஒரு பங்கு ஏற்கெனவே படித்ததாக இருக்கும். அதற்காக முதல் ஆண்டையே தூக்கிவிட முடியாது. படுக்கை விரிப்பதிலிருந்து நாடி பார்ப்பதுவரை நர்சிங்கின் அடிப்படை முழுக்க அந்த ஆண்டின் இரண்டு பருவங்களில்தான் இருக்கிறது. அதனால் எந்த ஓர் ஆண்டையும் அப்படியே வெட்டாமல், படித்த பாடங்களை மட்டும் கழித்து நான்காண்டை மூன்றாக்குவதைத்தான் கேட்கிறேன். படித்த பாடத்தில் பல்கலைக்கழகமே ஒரு விலக்குத் தேர்வு வைக்கட்டும். தேறினால் அந்தப் பாடத்துக்கு விலக்கு, தேறாவிட்டால் மற்றவர்களோடு உட்காரட்டும். பிரிட்டனில் நர்சிங் படிப்பு 4,600 மணி நேரம், பாதி பாடம், பாதி நோயாளிகளோடு. முன்பு கற்றதற்காகப் பாதிவரை கழித்துக்கொள்ள அங்கே இடம் உண்டு. அதனால் பட்டதாரிகள் இரண்டே ஆண்டில் நர்ஸாகிறார்கள். நாம் பாதி வேண்டாம், கால் பங்கு போதும் என்கிறோம்.

இதில் நம் ஊருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பிளஸ் டூ முடித்தால் சட்டம் ஐந்தாண்டு, பட்டம் முடித்தால் மூன்றாண்டு: ஒரே தொழிலுக்கு இரண்டு வாசல். பட்டத்தின் மேல் பி.எட். படித்தவர்தான் நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி அதற்கான சேர்க்கையை நடத்திவந்திருக்கிறது. மருத்துவத்தை ஒட்டிய துறையிலேயே டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். 2021-இல் கல்வி மதிப்பெண் வங்கி என்று தேசிய அளவில் ஒன்றைத் தொடங்கி, படித்த பாடத்தின் கிரெடிட்டைச் சேமித்து வைத்து எங்கும் பயன்படுத்தலாம் என்று பறைசாற்றினார்கள். அந்த வங்கியில் போட்டதை மருத்துவமனைக் கவுன்ட்டரில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

எதிர்ப்புகளைச் சும்மா தள்ளிவிட முடியாது. சிலவற்றில் பலம் இருக்கிறது. தரம் குறையும் என்பது முதலாவது. குறைப்பது வார்டு நேரத்தையானால் குறையும். நான் அதில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இணைப்புப் படிப்புக்கு வழங்கும் பிரிட்ஜ் கோர்ஸ் என்ற பெயருக்கே இங்கே கெட்ட பெயர் உண்டு. 2017-இல் தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில், ஆயுஷ் மருத்துவர்கள் குறுகிய படிப்பு முடித்து அலோபதி மருந்து எழுதலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள், 2018-இல் அதை விலக்கினார்கள். விலக்கியது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஒரு தொழிலின் உரிமத்தை வைத்து இன்னொரு தொழிலுக்குக் குறுக்கு வழி கேட்டது அது. இங்கே அப்படி எதுவும் இல்லை. தேர்வும் பயிற்சியும் பதிவும் எல்லாருக்கும் ஒன்றுதான். படித்த பாடத்துக்கு மட்டும் இரண்டாம் முறை வகுப்பு இல்லை.

பிளஸ் டூ பிள்ளைகளின் இடத்தைப் பட்டதாரிகள் பறிப்பார்கள் என்பது இரண்டாவது. பட்டதாரிகள் இன்றைக்கும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தனி ஒதுக்கீடாக, மொத்த இடத்தின் மேல் கூடுதலாக வைத்துவிட்டால் இந்தச் சண்டை தீரும். பொறியியலில் அப்படித்தான் செய்கிறோம். மூன்றாவது எதிர்ப்பு கடினமானது. இருக்கும் நர்ஸுகளுக்கே வேலை இல்லை, இன்னும் எதற்கு? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸுகள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியதை ஊரே பார்த்தது. இதற்கு என் பதில் பாதிப் பதில்தான். கண்ணியமான சம்பளத்தில் ஆளை எடுக்காத அரசையும், புதிதாக வந்தவருக்கு அற்பச் சம்பளம் தரும் தனியார் மருத்துவமனைகளையும் ஒரு படிப்புத் திட்டம் திருத்திவிடாது. ஆனால் ஒரு துறையில் கூலி குறைவு என்பது, அந்தத் துறைக்கு வர நினைப்பவரை நான்கு வருஷம் உட்கார வைப்பதற்குக் காரணம் ஆகாது. குறைந்த சம்பளத்துக்காக அவர் இழக்கும் ஆண்டுகளைக் குறைப்பதற்கே காரணம் ஆகும்.

நான்காவதற்குத்தான் உண்மையில் பயப்படுகிறேன். வாசல் திறந்த மறுநாளே அதன் முன்னால் கடை போட ஆள் வருவார்கள். பேருந்து நிறுத்தங்களிலும் மாடிப்படிச் சுவர்களிலும் ஆறு மாத லேப் டெக்னீஷியன், உடனடி வேலை என்று ஒட்டியிருப்பதைப் பார்க்காதவர் இந்தப் பகுதியில் யாரும் இருக்க முடியாது. நுழைவு வழி ஒன்றைச் சேர்க்கை விதிகள் தரவில்லை என்பதால்தான் இந்தக் கடைகளே நடக்கின்றன. பட்டம் பெற்ற பெண்ணுக்குச் செல்லுபடியாகும் இரண்டாண்டு ஆய்வகப் படிப்பு ஒன்று அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்தால், செல்லாத ஆறு மாதச் சான்றிதழுக்கு அவள் ஏன் பணம் கட்டப் போகிறாள்? அதனால் முதல் பத்தாண்டுக்கு இதை அரசுக் கல்லூரிகளில் மட்டும் நடத்த வேண்டும். தனியாருக்கு இதில் அவசரம் வேண்டாம்.

ஜூன் 30, திங்கள்

இதைச் செய்யப் புதிதாகச் சட்டம் தேவையில்லை. 2021-இன் துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், துணைப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் என்று அளவு வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ ஆய்வகமும் உயிர் அறிவியலும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. உயிர்வேதியியல் பட்டதாரிக்கு இரண்டாண்டு ஆய்வகப் படிப்பு அந்த அளவுக்குள்ளேயே அடங்கும். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம், 1947-இன் பழைய கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. சேர்க்கை விதிகளை இனித்தான் எழுத வேண்டும். எழுதும்போது விலக்குத் தேர்வு என்று ஒரு வரி சேர்ப்பது கடினமல்ல. தொடங்குவதற்கு இடமும் தயார்: திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியும், அதே ரயில் தடத்தில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளும். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று ஒரு பட்டியல் போட்டால் வேலை தொடங்கிவிடும்.

இந்த ஆண்டு பட்டம் வாங்கியவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. அவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவமனை வேலைக்கு என்று யார் எந்தப் படிப்பைச் சொன்னாலும், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை எது, முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும், நோயாளிகளோடு பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், அங்கே சேராதீர்கள்.